ஆறாவது வாரப் பாடம்

விடுங்கக்கா, பேரைச் சொல்லலைன்னா போகுது. அதுக்குப் போய் பாப்பாவைக் கிள்ளாதீங்க. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தி பஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, பேரென்ன, எத்தனாவது படிக்கிறேன்னு கேட்டா எந்தப் பிள்ளைதான் சொல்லும். நான்தான் பழக்கதோஷத்துல கேட்டுட்டேன். என் வேலையே அதுதான்க்கா, பிள்ளைங்களைப் பேச வைக்கிறது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அதுக்குன்னே ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன். எம்.எஸ்.டபிள்யூன்னு சொல்வாங்க, சமூகப்பணி. இப்ப ஒரு டிரஸ்ட்ல டிரெய்னரா இருக்கேன். ராஜபாளையத்துல இன்னிக்கு டீச்சர்மாருக்கு ஒரு பயிற்சி, அதுக்குத்தான் போயிட்டிருக்கேன்.

பாப்பா அப்படியே எங்க முனீஸ்வரி மாதிரி இருக்கா. மூஞ்சி இல்லை, அந்த உக்காந்திருக்கிற விதம். தோள் ரெண்டையும் சுருக்கிக்கிட்டு, நம்மளை யாரும் பார்த்துரக் கூடாதுங்கிற மாதிரி. அவளும் மொத மூணு வாரம் எனக்குப் பேரே சொல்லலை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பிள்ளையால எனக்கு வந்த மனவேதனை இருக்கே, அதை நான் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை. சொன்னா அரைகுறையாக் கேட்டுட்டு ஏதோ எம்மேலதான் தப்புங்கிற மாதிரிப் பேசுவாங்க. நீங்க இறங்குறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல. முழுசாக் கேளுங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க படிப்புல ஃபீல்டு ஒர்க்னு ஒண்ணு உண்டு. வாரத்துல ரெண்டு நாள் காலேஜ் கிடையாது, வெளியில போகணும். ஆஸ்பத்திரியோ, அநாதைப் பிள்ளைங்க இருக்கிற ஹோமோ, ஸ்கூலோ, எங்க போடுறாங்களோ அங்க. அன்னிக்கு என்ன செஞ்சோம்னு ரெக்கார்டு எழுதணும், போன இடத்துல கையெழுத்து வாங்கணும். கையெழுத்து இல்லைன்னா நாம போகவே இல்லைன்னுதான் கணக்கு. எனக்கு மதுரைக்குப் பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம். பேரு வேண்டாம்க்கா, ஊரும் வேண்டாம். எட்டாவது வரைக்கும் இருக்கு, எல்லாம் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க. அதுல ஏழாவது பிள்ளைங்க இருபத்திரண்டு பேரை வச்சுப் பத்து வாரம் பாடம் நடத்தணும். சமூகத் திறன் வளர்த்தல்னு தலைப்பு. அதாவது நாலு பேர்கூட எப்படிப் பழகுறது, எப்படி வணக்கம் சொல்றது, உதவி வேணும்னா எப்படிக் கேட்கிறது, கோபம் வந்தா என்ன செய்யறது, அந்த மாதிரி. வாரம் ஒரு பாடம், வெள்ளிக்கிழமை மத்தியானம்.

எம்புட்டு ஆசையாப் போனேன் தெரியுமாக்கா. ஒவ்வொரு பாடத்துக்கும் சார்ட்டுல படம் வரைஞ்சு, கலர் அடிச்சு, எங்க வீட்டு ஹால் பூரா ஸ்கெட்ச் பேனாவாக் கிடக்கும். எங்கப்பா கேலி செய்வாரு, நாட்டைத் திருத்தப் போறவளுக்கு ஒரு காப்பி போட்டுக் குடும்மான்னு எங்கம்மாகிட்ட சொல்வாரு. எனக்குக் கோபமே வராது. அப்ப எனக்கு அப்படித்தான் நெனப்பு, திருத்திரலாம்னு.

அந்த ஸ்கூல்ல ஹெச்.எம். பேரு வேதவல்லி டீச்சர். அவங்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஸ்கூலைக் கண்ணாடி மாதிரி வச்சிருந்தாங்க. இடுப்புல எப்பவும் ஒரு சாவிக்கொத்து, அந்தச் சத்தம் கேட்டாப் போதும், வராண்டா அடங்கிரும். ஆனா பிள்ளைங்க சாப்பிடும்போது பக்கத்துலயே நின்னு பார்ப்பாங்க. முட்டை சின்னதா வந்துச்சுன்னா சத்துணவு அம்மாவை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. எனக்கு அவங்க டிபன் பாக்ஸ்ல இருந்து எலுமிச்சம்பழச் சாதம் எடுத்துக் குடுப்பாங்க. என் மக மெட்ராஸ்ல இருக்கா, உன்னைப் பார்த்தா அவளைப் பார்க்கிற மாதிரி இருக்கும்மான்னு சொல்வாங்க. அப்படிப்பட்டவங்க.

மூணாவது வாரம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. பாடம் சூடு பிடிக்கிற நேரத்துல டீச்சர் வாசல்ல வந்து நின்னு நாலு பேரைக் கூப்பிடுவாங்க. முனீஸ்வரியும் இன்னும் மூணு பேரும், நாலும் பொம்பளைப் பிள்ளைங்க. போனா மணி அடிக்கிறப்பத்தான் வரும். வரும்போது பாவாடை ஓரமெல்லாம் நனைஞ்சிருக்கும், மேல பினாயில் வாடை அடிக்கும். மொத ரெண்டு வாரமும் நான் ரெக்கார்டுல நால்வர் பிற பணியில் இருந்தனர்னு எழுதிட்டேன். அப்புறம் மத்த பிள்ளைங்ககிட்ட கேட்டேன். கக்கூஸ் கழுவப் போயிருக்காங்க மிஸ்னு சொல்லுச்சுங்க, ஏதோ விளையாடப் போயிருக்காங்கங்கிற மாதிரி. ஏன் எப்பவும் அந்த நாலு பேருன்னு கேட்டேன். அவங்க காலனி மிஸ்ன்னாங்க. அம்புட்டுத்தான் பதில்.

காலனின்னா உங்களுக்குப் புரியும்ல. அவங்க அப்பா அம்மா எல்லாம் பேரூராட்சியில துப்புரவு வேலை பார்க்கிறவங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுக்கா. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை. அடுத்த வாரம் டீச்சர்கிட்ட நைசாக் கேட்டும் பார்த்தேன். அவங்க கோபப்படலை. ஸ்கூலுக்குத் துப்புரவு ஆள் போடச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சும்மா, இருக்கிறதை வச்சுத்தானே ஓட்டணும், அதுங்களுக்குன்னா பழக்கம், மத்த பிள்ளைங்களுக்கு வாந்தி வந்துரும்னாங்க. சொல்லிட்டு, சாதம் எடுத்துக்கோ, ஆறிப்போகுதுன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலைக்கா. அவங்களுக்கு அதுல ஒரு தப்பும் தெரியலை. நான் என்னத்தச் சொல்ல. சாதத்தை எடுத்துக்கிட்டேன்.

காலேஜ்ல எங்களைப் பார்த்துக்கிறவங்க ஃப்ளோரா மேடம். அவங்ககிட்ட போய் அழுதேன், இது சட்டப்படியே குத்தம், நான் மேல எழுதிப் போடப்போறேன்னு. அவங்க நிதானமாச் சொன்னாங்க. நாம அங்க விருந்தாளி, நீ படிக்க வந்த பிள்ளை, நீ சண்டை போட்டா அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்களை உள்ள விட மாட்டாங்க, உனக்கும் கையெழுத்து போட மாட்டாங்க, அதனால நீ பிள்ளைங்களைப் பலப்படுத்தும்மான்னாங்க. யோசிச்சுப் பார்த்தேன், சரின்னு பட்டுச்சு. நான் போய்ச் சொன்னா அது என்னோட சத்தம். அந்தப் பிள்ளைங்களே வாய் திறந்து சொன்னா அது அவங்களோட குரல். எங்க புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு, பாதிக்கப்பட்டவங்களே பேசணும்னு. அப்படி உருவானதுதான்க்கா என்னோட ஆறாவது வாரப் பாடம். முடியாதுன்னு சொல்லப் பழகுதல்.

ரொம்ப நல்லா வந்த பாடம் அது. அன்னிக்கு டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்ததால அந்த நாலு பேரும் வகுப்புலயே இருந்தாங்க. எங்க வீட்டு பீரோச் சாவி, சைக்கிள் சாவி எல்லாத்தையும் கோத்து இடுப்புல செருகிக்கிட்டு நான்தான் ஹெச்.எம். நாற்காலியில உக்காந்து அவங்க மாதிரியே கண்ணாடிக்கு மேல பார்த்தேன். பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சுச்சுங்க. ஒவ்வொருத்தரா வந்து எங்கிட்ட முடியாதுன்னு சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது, முறை இருக்கு. நேரா நிக்கணும். கண்ணைப் பார்க்கணும். வணக்கம் சொல்லணும். ஏன் முடியாதுங்கிற காரணத்தைச் சொல்லணும். சொல்லிட்டு நன்றி சொல்லணும். யாரு சொல்லி முடிச்சாலும் மத்தவங்க எல்லாரும் மூணு தடவை கை தட்டணும், கூச்சம் போறதுக்கு. அந்த நாலு பேர்ல மூணு பேரு வாயைப் பொத்திக்கிட்டு ஓடியே போச்சுங்க. முனீஸ்வரி மட்டும் வந்து நின்னா. சத்தமே வரலை. உதடு அசையுது, ஒண்ணும் கேட்கலை. ஆனா போகலை, நின்னா.

அதுக்கப்புறம் ஸ்கூல் விட்டதும் அவளைத் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போய்த் தனியாச் சொல்லிக் குடுத்தேன். ஸ்கூல் நேரத்துல இல்லை, என் நேரத்துல, பஸ்ஸை விட்டுட்டு. அவ சொல்லும்போது நான் ஒரு எட்டுப் பின்னால போவேன். கேட்கலை, இன்னும் கொஞ்சம் சத்தமாம்பேன். மறுபடி ஒரு எட்டு. இப்படியே பின்னால போய்ப் போய்க் கடைசியில நான் கேட் கிட்ட நிக்கிறேன், அவ தொட்டிகிட்ட நிக்கிறா, அங்க இருந்து சொல்றா. வணக்கம் டீச்சர், எனக்கு இப்போ பாடம் இருக்கு, நான் பாடத்துல இருக்க விரும்புறேன், இந்த வேலையை என்னால செய்ய முடியாது, நன்றி. கணீர்னு வந்து விழுந்துச்சுக்கா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவளே அவ சத்தத்தைக் கேட்டு மெரண்டு போய்ச் சிரிச்சா. பன்னெண்டு வயசுப் பிள்ளை, அன்னிக்குத்தான் அவ பல்லையே பார்த்தேன்.

கிட்ட வந்து, “நெசமாவே டீச்சர்கிட்ட இதைச் சொல்லலாமா மிஸ்?”னு கேட்டா.

“தாராளமாச் சொல்லு. நான் கூடவே இருக்கேன்ல”ன்னேன்.

ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே அக்கா. நாம பிள்ளைங்ககிட்ட எத்தனை சொல்றோம்.

எட்டாவது வாரம். எனக்கு அந்த நாள் அப்படியே கண்ணுல நிக்குது. நான் போர்டுல எழுதிட்டு இருக்கேன். சாவிச் சத்தம் கேட்குது. டீச்சர் வாசல்ல நின்னு நாலு பேரையும் வாங்கடின்னாங்க. மூணு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. முனீஸ்வரி எந்திரிச்சா, ஆனா போகலை. நேரா நின்னா. பின்னலை முன்னால எடுத்து விட்டுக்கிட்டு டீச்சர் கண்ணைப் பார்த்துச் சொன்னா. வணக்கம் டீச்சர்ல இருந்து நன்றி வரைக்கும் ஒரு எழுத்து விடலை. அத்தோட விட்டுருந்தாக்கூடப் பரவாயில்லைக்கா. அவ நன்றின்னு முடிச்சதும் மத்த பிள்ளைங்க அத்தனையும் மூணு தடவை கை தட்டிருச்சுங்க. பழக்கம். நான் பழக்கிவிட்டதுதான். டீச்சருக்கு அது எப்படி இருந்திருக்கும், நெனச்சுப் பாருங்க. முப்பது வருஷ சர்வீஸ். தன்னை வச்சு வகுப்பே கூத்தடிக்குதுன்னு தானே தோணும்.

அவங்க கத்தலை. அடிக்கவும் இல்லை. என்னையத்தான் பார்த்தாங்க.

“இது நீ சொல்லிக் குடுத்ததாம்மா?”

நான் என்ன சொன்னேன்னா, “இல்லைங்க டீச்சர். நான் வணக்கம் சொல்றது, நன்றி சொல்றது, கை கழுவுறது, இதுதான் சொல்லிக் குடுத்தேன்”னேன்.

அதைப் பொய்யின்னு சொல்ல முடியாது, பார்த்துக்கங்க. ஏழு பாடத்துல ஒரு பாடம்தான் முடியாதுங்கிறது. மிச்ச ஆறும் வணக்கமும் நன்றியும்தான். பெரும்பான்மையைத்தான் சொன்னேன்.

டீச்சர் அவ பக்கம் திரும்பி, மிஸ் சொல்லிக் குடுக்கலைங்கிறாங்க, அப்ப உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க. மிஸ்தான்னா. மறுபடி கேட்டாங்க. மிஸ்தான்னா. மூணாவது தடவையும் மிஸ்தான். எங்கயாவது ஒரு இடத்துல தெரியலை டீச்சர்னு சொல்லித் தொலைச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். டீச்சர் வகுப்பைப் பார்த்து, மிஸ் இப்படிச் சொல்லிக் குடுத்தாங்களான்னு பொதுவாக் கேட்டாங்க. ஒரு பிள்ளை வாயைத் திறக்கலை, எல்லாம் தரையைப் பார்க்குதுங்க. பத்து வாரத்துல அவ்வளவு ஒத்துமையா அந்தக் குரூப் வேற எதையும் செஞ்சதில்லை. முனீஸ்வரி மட்டும்தான் தலையைக் குனியலை. என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தா. கோபமாப் பார்த்தாக்கூட எனக்குப் பரவாயில்லை. நான் ஏதோ மறந்துட்டேன், இப்ப ஞாபகம் வந்துரும், சொல்லிருவேன்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரிப் பார்த்தா.

அப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை. டீச்சர் சொல்லிட்டாங்க, வேலை செய்ய மாட்டேன்னதைக்கூட மன்னிச்சிருவேன், வெளியில இருந்து படிக்க வந்த பொண்ணு மேல முழுப் பொய்யைப் போட்டா பாரு, அதை மன்னிக்க மாட்டேன், பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டாத்தான் வகுப்புக்குள்ளன்னு. அதுவும் என் மானத்தைக் காப்பாத்தத்தான் சொன்னாங்க, பார்த்துக்கங்க. அந்தப் பிள்ளை ஒத்துக்க மாட்டேன்னுட்டா. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அப்படியெல்லாம் ஒரு பிள்ளையை வெளிய நிறுத்தக் கூடாதுக்கா, சட்டம் இருக்கு. பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு நானே எழுதியிருக்கேன்.

ஒன்பதாவது வாரம் அவ இல்லை. பாடம் நடத்திட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு வந்தா, அவங்கப்பா நிக்கிறாரு. சங்கிலிமுத்துன்னு பேரு. காக்கிச் சட்டையோட, வேலையில இருந்து நேரா வந்திருக்காரு. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நாலடி தள்ளியே நின்னாரு. கிட்ட வாங்கண்ணேன்னேன், வரலை. அவரு சொல்றாரு, திங்கட்கிழமையே ஹெச்.எம்.மைப் போய்ப் பார்த்தாராம், பிள்ளைக்குப் பதிலா நான் கழுவிக் குடுத்துர்றேன்னு அன்னிக்குப் பூராக் கழுவியும் குடுத்தாராம். டீச்சர் அதெல்லாம் இருக்கட்டும், பொய்க்கு என்ன பதில்னு கேட்டுட்டாங்களாம். வீட்டுல பிள்ளை பொய் சொல்லலைன்னே சாதிக்குதாம், ரெண்டு அடியும் போட்டுட்டாராம்.

“டீச்சரம்மா, என் மக வாயைத் திறந்து பேசினதே உங்ககிட்ட படிச்சப்புறம்தான். வீட்டுல வந்து மிஸ் மிஸ்னு அதே பேச்சு. அவ சொல்றது பொய்யாம்மா? நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன்.”

பொய் இல்லைங்கண்ணேன்னேன்.

“அப்ப நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன், பிள்ளை பொய் சொல்லலைன்னு. அந்த ஒரு வார்த்தைதான். கழுவுறதெல்லாம் கழுவிக்கிடும், அதுக்கு நான் பொறுப்பு. ஸ்கூலுக்குள்ள விட்டாப் போதும். நாங்கதான் வாளியோட கிடக்கோம், இவளாவது எட்டாவது தாண்டட்டும்.”

அவரு பேசினதைக் கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா. திங்கட்கிழமை காலையில கண்டிப்பா வந்து டீச்சர்கிட்ட பேசுறேன், நீங்க கவலைப்படாமப் போங்கண்ணேன்னு சொன்னேன். மனசார, சத்தியமா மனசாரத்தான் சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு அது பிடிக்காது, யாரு கும்பிட்டாலும் சங்கடமா இருக்கும்.

திங்கட்கிழமை போக முடியலை. காலேஜ்ல பரீட்சை. பரீட்சைன்னா, செவ்வாய்க்கிழமைதான் பரீட்சை, திங்கட்கிழமை படிக்கணும்ல. போன்ல பேசியிருக்கலாம்னு நீங்க நெனப்பீங்க. டீச்சர் நம்பர் எங்கிட்ட இருந்துச்சுதான். இந்த மாதிரி விஷயத்தைப் போன்ல பேசுறது மரியாதை இல்லை. அவரு அன்னிக்கு வேலைக்குப் போகாம மத்தியானம் வரைக்கும் ஸ்கூல் கேட்டுல நின்னிருக்காருன்னு பின்னாடிதான் கேள்விப்பட்டேன். இன்னொண்ணும் எனக்கு மனசுல இருந்துச்சு, உங்ககிட்ட மறைக்கிறதுக்கென்ன. அந்த வெள்ளிக்கிழமையோட பத்து வாரம் முடியுது. அன்னிக்குத்தான் டீச்சர் என் ரெக்கார்டு பூராத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடணும், நான் எப்படி வேலை பார்த்தேன்னு எழுதியும் குடுக்கணும். அதை வாங்கிட்டு, கையோட உக்காந்து நிதானமா எல்லாத்தையும் சொல்லிரலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். நாலு நாள்தானே. நாலு நாள்ல என்ன ஆகிறப் போகுதுன்னு நெனச்சேன்.

கடைசி வெள்ளிக்கிழமை, பிள்ளைங்களுக்குக் குடுக்கப் பென்சில் பாக்ஸ் வாங்கிக்கிட்டுக் காலையிலேயே போயிட்டேன். பிரேயர் நடக்குது. டீச்சர் என்னையக் கூப்பிட்டுத் தன் பக்கத்துல நிக்க வச்சாங்க. ஏதோ நன்றி சொல்லப் போறாங்கன்னு நானும் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். பார்த்தா, கேட்டுல இருந்து சங்கிலிமுத்து அண்ணன் முனீஸ்வரியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாரு. என்னையப் பார்த்தாரு. பார்த்துட்டு வேற பக்கம் பார்த்துக்கிட்டாரு. திங்கட்கிழமை நான் வராததுல அவருக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனா என் நெலைமை அவருக்கு எப்படித் தெரியும்.

டீச்சர் மைக்கை அவ கையில குடுத்தாங்க. எட்டு வகுப்புப் பிள்ளைங்களும் வெயில்ல வரிசையா நிக்குதுங்க. நான் நெனச்சேன், இவ சொல்ல மாட்டா, சத்தம் வராது, அழுதுருவா, அத்தோட டீச்சரும் மனசு இரங்கி விட்டுருவாங்கன்னு. அவ அழலை. நேரா நின்னா. வணக்கம்னா. “எனக்கு சுகிர்தா மிஸ் அப்படிச் சொல்லிக் குடுக்கலை. நான்தான் பொய் சொன்னேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும். நன்றி.” கணீர்னு சொன்னா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு இடத்துலகூடத் தடுமாறலை. மொத மூணு வாரம் பேரு சொல்லாத பிள்ளைக்கா அது. பத்து வாரத்துல எப்படித் தேறியிருக்கான்னு எனக்கு ஒரு பக்கம் தோணத்தான் செஞ்சுச்சு, அந்த நேரத்துலயும்.

யாரும் கை தட்டலை.

டீச்சர் விடலை. மிஸ்கிட்ட கேளு, மிஸ் மன்னிச்சாத்தான் மன்னிப்புன்னாங்க. அவ எம்பக்கம் திரும்பினா. மைக் கையிலயே இருக்கு.

“மன்னிச்சிட்டீங்களா மிஸ்?”

அம்புட்டுப் பேரு பார்க்கிறாங்க. டீச்சர் என் தோள்ல கை வச்சிருக்காங்க. அந்த அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. நான் என்ன செய்யணுங்கிறீங்க. மன்னிச்சிட்டேம்மான்னு சொன்னேன். அவ தலையில கையும் வச்சேன். தலை அனலாக் கொதிச்சுச்சு, வெயில்ல நடந்து வந்திருக்குது பிள்ளை.

மத்தியானம் கடைசிப் பாடம். பென்சில் பாக்ஸ் குடுத்துட்டு, பிள்ளைங்க எவ்வளவு முன்னேறியிருக்குங்கன்னு பார்க்கிறதுக்கு ஒரு தாள் குடுத்து எழுதச் சொல்லணும். டீச்சர் வாசல்ல வந்து நின்னாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடலை, சும்மா நின்னாங்க. முனீஸ்வரி தாளை மடிச்சு வச்சுட்டு மொத ஆளா எந்திரிச்சுப் போனா. மத்த மூணு பேரும் அவ பின்னால போனாங்க. அவ தாளை நான் அப்புறம் எடுத்துப் பார்த்தேன், பேரு மட்டும்தான் எழுதியிருந்தா. இருபத்திரண்டு தாள் கணக்குக் காட்டணும், வேற வழியில்லாம மிச்சத்தை நானே நிரப்பினேன். குறைச்சு ஒண்ணும் போடலை, நல்லாத்தான் போட்டேன். எல்லாப் பிள்ளைங்களை விடவும் அவளுக்குத்தான் முன்னேற்றம் அதிகம்னு வந்துச்சு. ஃப்ளோரா மேடம்கூட அதை வகுப்புல எடுத்துச் சொன்னாங்க.

நாலு மணிக்கு டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க. பிள்ளைங்ககிட்ட அன்பாகவும் பொறுப்பாகவும் நடந்துகொண்டார்னு கைப்பட எழுதிக் குடுத்தாங்க. அதை வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி உக்காந்திருந்தேன். அப்ப சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. நானும் அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்துருச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்கக்கா. காலையில அத்தனை பேர் முன்னாடி அவ நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டா. சாயங்காலம் நான் போய், இல்லை டீச்சர், நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னா, காலையில மைக்ல சொன்னதுதான் பொய்யின்னு ஆயிரும். அப்ப மறுபடி யாரைப் பிடிப்பாங்க. அவளைத்தானே. இப்பத்தான் உள்ள விட்டிருக்காங்க, திரும்ப வெளிய நிறுத்திருவாங்க. அவ இப்ப எட்டாவது முடிச்சாளா, அங்கதான் இருக்காளா, எதுவும் எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் நான் போகலை. ஆனா அன்னிக்கு நான் வாயைத் திறந்திருந்தா அந்தப் பிள்ளையை ரெண்டாவது தடவையும் பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க. அந்தப் பாவம் எனக்கு எதுக்குக்கா.